கணினி யாருடையது? சொந்தப் பொறியும் மேகக் கணிமையும் குறித்த வாதங்கள்

ஒருவரின் கடிதங்களும் கணக்குகளும் ஒளிப்படங்களும் அவரது மேசையில் உள்ள பொறியில் இருப்பது நல்லதா, தொலைவில் வேறொருவர் நடத்தும் பொறியிலிருந்து வேண்டும்போது வந்துசேர்வது நல்லதா என்னும் கேள்வி தனிநபர் கணினிக்கும் மூத்தது. 1960களில் அதற்குச் சொல்லப்பட்ட விடை 1980களில் தலைகீழானது. 2006ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் மாறத் தொடங்கியது. இந்த மாற்றங்களைக் கண்ட பலர், கணிமை மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஊசலாடுவது இயல்பே என்று சொல்லி அமைதியடைவதுண்டு. கவர்ச்சியான விளக்கம்தான், எனினும் ஒவ்வொரு திருப்பத்தின் காரணமும் வேறு என்பதை அது மறைத்துவிடுகிறது. ஒரு காலத்தில் வன்பொருளின் விலையும், ஒரு காலத்தில் தொலைத்தொடர்பின் வேகமும், பிறிதொரு காலத்தில் மென்பொருளை விற்கும் முறையும் இவ்விடையைத் தீர்மானித்தன. அண்மைக் காலத்தில் நாடுகளின் சட்டங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

பெரும் தரவு மையங்களில் உள்ள சேமிப்பையும் கணக்கீட்டுத் திறனையும் இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெறும் முறையே மேகக் கணிமை எனப்படுகிறது. அது குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி நிறுவனங்களை முன்னிறுத்துபவை. தனிப்பயனரின் நிலையிலிருந்து அதே வாதங்களைச் சோதித்தால் அவற்றுள் சில உறுதிப்படுகின்றன, சில பெருமளவு தளர்ந்துவிடுகின்றன.

பொதுச் சேவையாகக் கணிமை

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழா 1961இல் நடந்தபோது, தொலைபேசியைப் போலவே கணிமையும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையலாம் என்று ஜான் மெக்கார்த்தி முன்னுரைத்தார். அக்கழகத்திலேயே அவ்வாண்டில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செயல்படுத்திக் காட்டினர். ஒரே கணினி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பல பயனர்களுக்கு மாறி மாறித் தருவதால், ஒவ்வொருவருக்கும் அது தமக்கு மட்டுமே உரியது போலத் தோன்றுவதே நேரப்பகிர்வு. டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் இதே முறையை மாணவர்களிடம் கொண்டுசென்றனர். பேசிக் என்னும் எளிய நிரல்மொழி அதற்கென உருவாக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து டக்ளஸ் பார்க்ஹில் கணிமைப் பொதுச் சேவையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

இந்நிலைப்பாட்டுக்கு ஒரு பொருளியல் அடித்தளம் இருந்தது. கணினியின் திறன் அதன் விலையின் இருமடிக்கு ஏற்ப உயரும், அதாவது இரு மடங்கு விலை கொடுத்தால் நான்கு மடங்கு திறன் கிடைக்கும் என்று ஹெர்பர்ட் குரோஷ் 1950களில் கூறியது குரோஷ் விதி எனப்பட்டது. இவ்விதி செல்லும் வரை சிறிய கணினிகள் பல வாங்குவது வீண். பெரிய ஒன்றை வாங்கிப் பகிர்வதே அறிவுடைமை. ஆகவே மையப்படுத்துதல் அன்று கொள்கைச் சார்பாக எழுந்ததன்று, கணக்கின் கட்டாயமாக எழுந்தது என்றே கொள்ளவேண்டும்.

நடைமுறை அவ்வளவு எளிதாக அமையவில்லை. பொதுச் சேவைக் கனவின் பெரும் முயற்சியான மல்டிக்ஸ் இயங்குதளம் தாமதத்தில் சிக்கியது. அதன் மூன்று பங்காளிகளுள் ஒன்றான பெல் ஆய்வகம் 1969இல் விலகிக்கொண்டது. விலகியவர்கள் சிறிய கணினியில் எழுதத் தொடங்கியதுதான் யூனிக்ஸ். இன்றைய மேகத்தைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் அதன் வழியில் வந்தது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

நுண்செயலி தந்த மறுமொழி

குரோஷ் விதியை முறித்தது நுண்செயலி. கணக்கீட்டு உறுப்புகள் அனைத்தும் ஒரே சில்லில் அடங்கியதும், சிறிய கணினியே பணத்துக்கு அதிகத் திறன் தருவதாயிற்று. 1975இல் ஆல்டேர் 8800, 1977இல் ஆப்பிள் 2, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனிநபர் கணினி என்று அடுத்தடுத்து வந்தன. கணினி சாதாரண மக்களின் கைக்கு வரவேண்டும் என்று டெட் நெல்சன் 1974இலேயே எழுதிய நூல் இவ்வியக்கத்தின் மனநிலையைக் காட்டுகிறது. ஆனால் அலுவலகங்களைக் கவர்ந்தது அறிக்கைகளைவிட ஒரு மென்பொருள்தான்: டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி 1979இல் வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள். வட்டி வீதத்தை மாற்றினால் அடுத்த பத்தாண்டுக் கணக்கு எப்படி மாறும் என்று அறிய, கணினித் துறையிடம் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்த கணக்காளர், தம் மேசையிலேயே ஓர் எண்ணை மாற்றி விடையைப் பார்க்க முடிந்தது. இடைத்தரகர் இன்றித் தாமே செய்யும் இந்த உரிமையே தனிநபர் கணினியின் உண்மையான விற்பனைப் பொருள்.

அதன் விலை சற்றுத் தாமதமாகவே தெரிந்தது. முன்பு கணினித் துறையினர் பார்த்துக்கொண்ட காப்புப்படி எடுத்தல், நச்சுநிரல் தடுத்தல், மென்பொருளைப் புதுப்பித்தல் அனைத்தும் பயனரின் தலையில் விழுந்தன. இக்குறையைக் காட்டி 1990களின் நடுவில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எல்லிசன் 'வலைக் கணினி' என்னும் கருத்தை முன்வைத்தார். வன்தட்டு இல்லாத, சுமார் 500 டாலர் விலையுள்ள பெட்டி ஒன்று நிரல்களையும் தரவையும் வலையிலிருந்தே பெறும் என்பது திட்டம். அது தோற்றது. வீடுகளில் தொலைபேசிக் கம்பிவழி மோடம்களே இருந்த காலத்தில் அந்த வேகத்தில் எந்த நிரலையும் வசதியாக இறக்க முடியாது. அதற்குள் தனிநபர் கணினியின் விலையும் 1000 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது.

2011இல் குரோம்புக் என்ற பெயரில் ஏறத்தாழ இதே கருத்து திரும்ப வந்தபோது, குறிப்பாக அமெரிக்கப் பள்ளிகளில், அது வேரூன்றியது. இடைப்பட்ட காலத்தில் அகலப்பட்டை இணைப்பு பரவியிருந்தது. உலாவியும் நிரல்களை விரைந்து இயக்கும் தளமாக வளர்ந்திருந்தது. பல்லாயிரம் மடிக்கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி பள்ளி நிர்வாகங்களை ஈர்த்தது. ஒரே கருத்து ஒருமுறை தோற்று ஒருமுறை வென்றதை ஊசல் உவமை விளக்காது, உள்கட்டமைப்பே விளக்கும். தமிழகத்தில் அதே 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் தன்னளவில் இயங்கக்கூடிய முழுக் கணினிகளையே மாணவர்களுக்கு வழங்கியது. வீட்டில் இணையம் இருக்கும் என்று கொள்ள முடியாத சூழலில் அதுவே பொருத்தமான தெரிவாக இருந்திருக்கும்.

மின்சார உவமையும் அதன் எல்லையும்

அமேசான் 2006 மார்ச்சில் சேமிப்பையும் அதே ஆண்டு ஆகஸ்டில் கணக்கீட்டையும் வாடகைக்கு விடத் தொடங்கியதை இக்காலத்தின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வர். 2008இல் நிகோலஸ் கார் எழுதிய நூல் இதை மின்சார வரலாற்றோடு இணைத்தது. ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆலையும் தனக்கெனத் தனி மின்னாக்கியை வைத்திருந்தது; பின்னர் அனைத்தும் பொது மின்வலைக்கு மாறின; கணிமையும் அவ்வழியே செல்லும் என்பது அவர் வாதம். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட அறிக்கை இதற்குக் கணக்கு வடிவம் தந்தது. ஆயிரம் வழங்கிகளை, அதாவது பிற கணினிகளின் கேள்விக்கு மறுமொழி தரும் பொறிகளை, ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழங்கியை ஆயிரம் மணி நேரம் எடுப்பதும் ஒரே செலவு என்பதே அவர்கள் சுட்டிய புதுமை. திருவிழாக் காலத்தில் விற்பனை பன்மடங்காகும் இணையக் கடைக்கு இது பெரும் வரம்; ஆண்டு முழுவதும் வெறுமனே கிடக்கும் பொறிகளை அது வாங்கவேண்டியதில்லை.

இவ்வாதத்தின் வலுவின்மை இரண்டு இடங்களில் தெரிகிறது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றே, அதற்கு நினைவில்லை. தரவு அப்படிப்பட்டதன்று, சேரச் சேர இடம்பெயர மறுக்கும் இயல்பு அதற்கு உண்டு. தொலைத்தொடர்புச் செலவு பிற செலவுகளைவிட மெதுவாகவே குறைவதால் கணக்கீட்டைத் தரவுக்கு அருகில் வைப்பதே சிக்கனம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜிம் கிரே 2003இலேயே எச்சரித்திருந்தார். தரவை உள்ளே கொண்டுவரக் கட்டணம் இல்லாமல், வெளியே எடுத்துச்செல்ல மட்டும் கட்டணம் வாங்கும் வழக்கம் பின்னர் பரவியது அவருடைய கவலைக்கு வணிக உருவம் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2027 ஜனவரி முதல் இத்தகைய இடமாற்றக் கட்டணங்களை நீக்குகிறது.

மற்றொரு வலுவின்மை, நிலையான தேவை உடையவர்களைப் பற்றியது. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் சேமிப்பை அமேசானிடமிருந்து சொந்தத் தரவு மையங்களுக்கு மாற்றியதன் வழியே இரண்டு ஆண்டுகளில் சுமார் 75 மில்லியன் டாலர் மிச்சப்பட்டதாகப் பங்குச் சந்தை ஆவணத்தில் தெரிவித்தது. 37சிக்னல்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனமும் 2022இல் மேகத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத தேவைக்கு வாடகையைவிட உடைமையே மலிவாகக்கூடும் என்பதற்கு இவை சான்று.

தனிப்பயனரின் தேவையோ பெரும்பாலும் இந்த நிலையான வகையைச் சேர்ந்தது. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் தந்த வரையறை, வேண்டியபோது விரிந்து சுருங்கும் தன்மையையும் பயன்பாட்டை அளந்து கணக்கிடுவதையும் மேகக் கணிமையின் இன்றியமையாத இயல்புகளாகக் கூறுகிறது. குடும்ப ஒளிப்படத் தொகுப்பு சுருங்குவதே இல்லை, விரிந்துகொண்டே மட்டும் போகிறது. அதற்கான கட்டணமும் அளந்து வாங்கப்படுவதில்லை, மாதச் சந்தாவாகவே வாங்கப்படுகிறது. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூனில் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, புதிய படங்களை 15 ஜிபி வரம்புக்குள் கொண்டுவந்தபோது, பல ஆண்டுப் படங்களைச் சேர்த்துவிட்டவர்களில் பலருக்குச் சந்தா கட்டுவதே எளிய வழியாக இருந்தது. பொருளியல் வாதம் நிறுவனங்களுக்குப் பொருந்தும் அளவு தனிநபருக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை; தனிநபருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிக்கனத்தைவிட வசதிதான். வசதியும் மதிப்புள்ளதே, ஆனால் அது வேறு வாதம்.

உரிமை வாதம்

மேகக் கணிமை ஒரு பொறி என்று, அதாவது விலங்கைப் பிடிக்கும் பொறி என்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2008இல் கடுமையாகச் சாடினார். மென்பொருளை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோட்பாடு. 2010இல் அவர் எழுதிய கட்டுரை, எதிர்ப்பாளர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாட்டைச் செய்கிறது: ஒருவர் எழுதியதைப் பிறர் காணும்படி ஒரு வழங்கியில் வெளியிடுவது சிக்கலில்லை, தமக்கே உரிய கணக்கீட்டைத் தம் பொறியில் செய்யாமல் பிறர் பொறியில் செய்வதுதான் சிக்கல். மின்னஞ்சல் அனுப்புவதற்கும் வரவுசெலவுக் கணக்கைத் தொலைவில் உள்ள விரிதாளில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. அதே ஆண்டில் சட்டப் பேராசிரியர் எபென் மொக்லன், ஒவ்வொரு வீட்டிலும் மின்செருகியில் பொருத்தக்கூடிய சிறு வழங்கி இருக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். ஃபிரீடம்பாக்ஸ் என்னும் திட்டம் அதிலிருந்து பிறந்தது.

இவ்வச்சத்துக்கு ஆதாரம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டறிந்த அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது, கோப்பு வாசகரின் கையில் இருந்த கருவியில்தான் இருந்தது என்பது. பொருள் அருகில் இருப்பதும் பொருளின் மேல் ஆட்சி இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் பொது ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் வீட்டு மேசையில் நல்ல நிலையில் இருந்தும் கேள்விக்குறியாயின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அவை தனியாக நின்று இயங்கும் திறன் கொண்ட பொறிகளே.

உரிமை வாதத்தின் வலுவின்மை உழைப்பில் உள்ளது. சொந்த வழங்கியை நடத்துபவர் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே நிறுவவேண்டும். வீட்டிலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் குப்பை அஞ்சலாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படுவதைச் சமாளிக்கவேண்டும். பல இணைப்புகளில் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதால் வெளியிலிருந்து வீட்டு வழங்கியை எட்டவே தனி ஏற்பாடு வேண்டும். இவ்வளவு திறனும் நேரமும் உள்ளவர்களுக்கே விடுதலை என்றால் அது சிறு குழுவின் விடுதலையாகவே நின்றுவிடும். இவ்விமரிசனத்துக்கு அவ்வியக்கம் இதுவரை நிறைவான மறுமொழி தந்ததாகச் சொல்ல இயலாது.

எந்த நாட்டின் சட்டம்?

தரவு எங்கே இருக்கிறது என்னும் கேள்வியை அரசுகள் எல்லைக் கேள்வியாக மாற்றின. 2013 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள், டப்ளினில் உள்ள தரவு மையத்தில் மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த மின்னஞ்சல்களைக் கோரி ஆணை பெற்றனர். அயர்லாந்தில் உள்ள தரவுக்கு அமெரிக்க ஆணை செல்லாது என்று நிறுவனம் வாதிட்டு, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அது அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் கோரலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. மறுபுறம், அமெரிக்காவுக்குத் தரவு அனுப்புவதற்கான உடன்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இலும் 2020இலும் செல்லாதவை ஆக்கியது. ஆஸ்திரியரான மேக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடுத்த வழக்குகளின் விளைவு அது.

இந்தியாவில் இது வெறும் கோட்பாட்டு விவாதமாக நிற்கவில்லை. பணம் செலுத்தும் முறைகளின் தரவு இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்படவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் ஆணையிட்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நயாரா எனர்ஜி என்னும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு, மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய சில நாள்களில் சேவை மீண்டது. இந்தியச் சட்டம் எதையும் மீறாத ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல், வேறொரு கண்டத்தில் எடுக்கப்பட்ட முடிவால் நின்றுபோக முடியும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நடுவண் அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியது பெரும் செய்தியாயிற்று. பிறரின் மேகங்களை வாடகைக்கு எடுக்காமல் சொந்தத் தரவு மையங்களையே நடத்துவது அந்நிறுவனத்தின் வழக்கம்.

உள்நாட்டு மேகம் என்னும் இந்நிலைப்பாடு அயல்நாட்டுத் தடையின் இடரைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தரவின் காவலரை மாற்றுகிறதே அன்றிப் பயனரைக் காவலர் ஆக்குவதில்லை. அரசு கேட்டால் எதைத் தரவேண்டும், எந்த மேற்பார்வையின்கீழ்த் தரவேண்டும் என்னும் கேள்வி உள்நாட்டு நிறுவனத்திடமும் அப்படியே எஞ்சுகிறது. எல்லைக்குள் இருப்பதால் கேட்பது இன்னும் எளிதாகலாம்.

இழப்பு: எது பாதுகாப்பானது?

மேகத்துக்கு ஆதரவாகச் சாதாரணப் பயனர்களிடம் மிகவும் எடுபடும் வாதம் இதுதான். வன்தட்டு ஒருநாள் நின்றுபோகும், கைப்பேசி தொலையும், மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்தால் மடிக்கணினியும் அதன் அருகில் வைத்த காப்புப்படியும் சேர்ந்தே போகும். லட்சக்கணக்கான வன்தட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் தொடர்ந்து வெளியிடும் கணக்குகளின்படி, ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன. ஒரே வன்தட்டு வைத்திருப்பவருக்கு அது முழு இழப்பு. ஒரே தரவின் பல படிகளைப் பல கட்டடங்களில் பரப்பி வைக்கும் தரவு மையத்துக்கு அது அன்றாட வேலை.

எனினும் இவ்வாதம் மேகத்தின் இயல்பைப் பற்றியதன்று, பல படிகள் வைத்திருப்பதைப் பற்றியது என்பதைத் தென்கொரியா பெரும் விலை கொடுத்து உணர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. அவற்றுள் ஜி-டிரைவ் என்னும் அரசு ஊழியர்களுக்கான சேமிப்பகமும் ஒன்று. அலுவலகக் கணினியில் கோப்புகளை வைக்காமல் இதிலேயே வைக்கவேண்டும் என்று 2018 முதல் ஊழியர்கள் அறிவுறுத்தப்பட்டிருந்தனர்; ஒவ்வொருவருக்கும் 30 ஜிபி இடம் தரப்பட்டிருந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் வேறிடத்தில் காப்புப்படி எடுக்கப்படவில்லை. 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. அறிவுறுத்தலை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றிய பணியாளர் நிர்வாக அமைச்சகமே மிக அதிகம் இழந்தது. பிறகு ஊழியர்கள் தம் கணினிகளில் தற்செயலாக எஞ்சியிருந்த கோப்புகளையும், மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்புகளையும், அச்சிட்ட தாள்களையும் கொண்டு வேலையை மீட்க முயன்றனர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் தனி மேகத்தை, அமைப்புப் பிழை ஒன்றால் கூகுள் கிளவுட் முழுவதுமாக அழித்துவிட்டது. வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்த காப்புப்படிகள் மீட்புக்குக் கைகொடுத்தன. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம், அரசு, சொந்த மேசை ஆகிய எதுவும் தனித்து நிற்கும்போது போதாது என்பதே இச்சான்றுகள் தரும் முடிவு.

இரண்டுக்கும் நடுவே

இங்க் அண்ட் சுவிட்ச் என்னும் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மார்ட்டின் கிளெப்மன் உள்ளிட்ட நால்வர் 'உள்ளூர் முதன்மை மென்பொருள்' என்னும் கருத்தை முன்வைத்தனர். கோப்பின் மூலப்படி பயனரின் கருவியிலேயே இருக்கும்; வழங்கி படிகளை ஒத்திசைக்க உதவும் துணை மட்டுமே. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. நிறுவனம் மூடப்பட்டாலும் கோப்பு இருக்கும்.

இதைச் சாத்தியமாக்குவது, முரண்படாமல் இணையும் தரவு அமைப்பு எனத் தமிழில் சொல்லத்தக்க ஒரு வகை. ஒரு கட்டுரையை இருவர் தனித்தனிக் கருவிகளில் திருத்துகிறார்கள் எனக் கொள்வோம். ஒருவர் இரயிலில் இணைப்பின்றி இரண்டாம் பத்தியில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மற்றவர் வீட்டிலிருந்து அதே பத்தியில் வேறொரு வரியை நீக்குகிறார். இவ்வமைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. புதிய எழுத்து 'இந்த எண்ணுக்குப் பின்' என்று பதிவாகிறது, நீக்கிய எழுத்து அழியாமல் நீக்கப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது. இரு கருவிகளும் பின்னர் சந்திக்கும்போது, எந்த வரிசையில் திருத்தங்கள் வந்தாலும், இரண்டிலும் ஒரே கட்டுரைதான் உருவாகும். யாருடையது சரி என்று தீர்க்க நடுவிலுள்ள வழங்கி தேவையில்லை.

ஆனால் இரு படிகளும் ஒன்றாவது, முடிவு பொருளுடையதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமாகாது. ஒரே கல்யாண மண்டபத்தை ஒரே முகூர்த்த நாளுக்கு இருவர் இணைப்பின்றிப் பதிவு செய்தால், இரண்டு பதிவுகளும் ஒழுங்காக இணைந்து நிற்கும், மண்டபம் ஒன்றுதான். இத்தகைய இடங்களில் ஒரு நடுவர் தேவைப்படுகிறார், நடுவர் வந்ததும் வழங்கியும் வருகிறது. மேலும் சந்தாவால் வாழும் நிறுவனங்களுக்கு இவ்வழியில் ஆர்வம் குறைவாக இருப்பது வியப்பன்று. ஆகவே எழுத்து, குறிப்பு, வரைபடம் போன்றவற்றுக்கு இது நல்ல விடையாகத் தோன்றுகிறது, எல்லாவற்றுக்கும் அன்று.

மற்றோர் இடைவழி குறியாக்கம். தரவு தொலைவில் இருக்கட்டும், அதைத் திறக்கும் சாவி பயனரிடம் மட்டும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். ஆப்பிள் 2022 டிசம்பரில் தன் மேகச் சேமிப்புக்கு இத்தகைய பாதுகாப்பை விருப்பத் தெரிவாக அறிமுகப்படுத்தி, பிரித்தானிய அரசின் கோரிக்கையை அடுத்து 2025 பிப்ரவரியில் அந்நாட்டில் அதை விலக்கிக்கொண்டது. சாவியைத் தொலைத்தவருக்கு நிறுவனமும் உதவ முடியாது என்பது இவ்வழியின் தவிர்க்க முடியாத விலை.

இன்னும் தீராதவை

ஆற்றல் செலவைப் பற்றிய தரவு இரு பக்கமும் இழுக்கிறது. 2010 முதல் 2018 வரை தரவு மையங்களின் கணக்கீடு ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தும் மின்நுகர்வு நூற்றுக்கு ஆறு மட்டுமே கூடியதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மையப்படுத்தலின் திறமைக்கு அது நல்ல சான்று. செய்யறிவு, அதாவது செயற்கை நுண்ணறிவு, அலைக்குப் பின் அந்தப் போக்கு நீடிக்கவில்லை. 2024இல் சுமார் 415 டெராவாட்-மணியாக இருந்த நுகர்வு 2030இல் ஏறத்தாழ 945 ஆகலாம் என்று பன்னாட்டு ஆற்றல் முகமை கணித்திருக்கிறது.

செய்யறிவு பழைய கேள்வியை முழுவதுமாகப் புதுப்பித்துவிட்டது. மிகப் பெரிய மொழி மாதிரிகள் தரவு மையங்களில் மட்டுமே இயங்கக்கூடியவை. சிறிய மாதிரிகள் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் இயங்குகின்றன. எது மேலோங்கும் என்பது நினைவகச் சில்லுகளின் விலையையும் சார்ந்தது. அவ்விலையைத் தரவு மையங்களின் தேவையே இப்போது உயர்த்துகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், தனிப்பயனர்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் க்ரூஷியல் வணிகத்தை நிறுத்துவதாக அறிவித்தபோது, தரவு மையங்களின் தேவையையே காரணமாகக் காட்டியது. சொந்தப் பொறியின் விலையை மேகத்தின் பசி தீர்மானிக்கும் நிலை நீடிக்குமா, சில ஆண்டுகளில் தணியுமா என்பதை இப்போது கணிப்பது கடினம்.

இவ்வளவு வாதங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தரவு எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பதே தனிப்பயனருக்குத் தீர்மானமான கேள்வியாகத் தோன்றுகிறது. வெளியேற முடிந்தவருக்கு விலையேற்றமும் தடையும் மூடுவிழாவும் தாங்கத்தக்கவை. முடியாதவருக்குச் சொந்தப் பொறிகூட வாடகைப் பொறிதான். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, தம் தரவைப் பொறி படிக்கத்தக்க வடிவில் பெற்று வேறொரு சேவைக்கு மாற்றும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மசோதாவிலும் அவ்வுரிமை இருந்தது; 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.